சன்னல் நாவலுக்கு எதிராக ஒரு பொதுக்கூட்டம்

1. பராதி

சூசை அண்ணன் புத்தகத்தை மேஜையில் போட்ட வேகத்தில் இங்க் பாட்டில் கவிழ்ந்து, என் வேட்டி முழுக்க நீலமாகிவிட்டது.

“இந்தாங்க சார், பிடிங்க உங்க புத்தகத்தை! குடும்பத்தைக் கெடுக்கிறதுக்குத்தான் வாயனசாலை வச்சு நடத்துறீகளா?”

வேட்டியைப் பார்ப்பதா, அவரைப் பார்ப்பதா என்று தெரியாமல் எழுந்து நின்றேன். “ஏனுங்கண்ணா, என்ன ஆச்சுங்க? உக்காந்து சொல்லுங்க.”

“உக்கார்றதுக்கு வரல. இந்தப் புத்தகம் இனிமே இந்த ஊர்ல இருக்கக் கூடாது. கமிட்டியில பராதி குடுக்கப் போறேன்.”

பராதி என்றால் புகார், வாயனசாலை என்றால் வாசகசாலை. இரண்டும் மலையாளச் சொல். எங்கள் மலையில் ஆபீஸ் சம்பந்தப்பட்டதெல்லாம் மலையாளத்தில் நடக்கும். சண்டை மட்டும் தமிழில்.

நூலக வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகள் என்னிடம், “சார், உங்க சர்வீஸில் மறக்க முடியாதது எது?” என்று கேட்கிறார்கள். கரையான், ஒழுகும் கூரை, திரும்பி வராத புத்தகம் என்று எதையாவது சொல்வேன் என்று நினைத்துக் கேட்பார்கள். நான் இதைத்தான் சொல்வேன். ஒரு நாவலை வைத்து ஒரு மலை ஊரே கூடி நின்று வாதாடிய கதை! இதைச் சொல்ல ஆரம்பித்தால் இன்றைக்கும் எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியாது.

இடுக்கி தனி ஜில்லாவாகி ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. கம்பம்மெட்டுக்குப் பக்கத்தில், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன வாசகசாலையில் நான் லைப்ரரியன். ஒரு ஹால், சில பீரோக்கள், பெஞ்சுகள், ஒரு ரேடியோ. மலையாளப் புத்தகம் ஒரு பக்கம், தமிழ்ப் புத்தகம் ஒரு பக்கம். நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயமுத்தூர் எல்லையை ஒட்டிய ஊர்க்காரன். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். கஞ்சிக்கோட்டில் அப்போதுதான் கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்தன. என் தம்பி அங்கே வேலைக்குப் போனான். எனக்கு நாவல் பைத்தியம். அதனால் மலையேறினேன்.

சூசை அண்ணன் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். கோயிலில் ஜெபம் சொல்லிக் கொடுப்பவர். வாசகசாலைக்குக் காலையில் முதல் ஆளாக வந்து பேப்பர் பிரிப்பவரும் அவர்தான். யாருக்கும் கெடுதல் நினைக்காத மனுஷன். அப்படிப்பட்டவர் இப்படிக் கொதித்து வந்து நிற்கிறார் என்றால் காரணம் இருந்தது.

அவருடைய ஒரே மகள் ரோஸ்லின், ஸ்டோரில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை செய்தாள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை உத்தமபாளையத்திலிருந்து பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். நல்ல இடம். எல்லாம் பேசி முடித்து, சம்பிரதாயத்துக்காகத்தான் மாப்பிள்ளையின் அப்பா பெண்ணைப் பார்த்து, “உனக்குச் சம்மதமாம்மா?” என்று கேட்டிருக்கிறார். ரோஸ்லின் “வேண்டாம்” என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. வேறு யாரையாவது நினைத்திருக்கிறாளா? இல்லை. மாப்பிள்ளையிடம் குறையா? இல்லை. அப்புறம் என்ன? வேண்டாம், அவ்வளவுதான்.

வீட்டைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்ததில் அவள் டிரங்குப் பெட்டியிலிருந்து இந்தப் புத்தகம் வந்திருக்கிறது. சூசை அண்ணன் உட்கார்ந்து கடைசி வரை வாசித்திருக்கிறார். வாசித்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பி, “பொண்ணு ஒரு கெட்ட புத்தகத்தை வாசிச்சுப்போட்டு உளறிருச்சு” என்று சொல்லியனுப்பினார். அவர்கள் பெரிய மனது பண்ணி, ஊர் கூடி அந்தப் புத்தகத்தை எடுத்துவிட்டால் மறுபடி வருவதாகச் சொன்னார்கள்.

ஆக, கமிட்டி புத்தகத்தைத் தூக்கினால் நிச்சயதார்த்தம். ரோஸ்லின் சொன்ன “வேண்டாம்” அவள் சொன்னதில்லை, புத்தகம் சொன்னது என்று ஊரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி.

2. இரண்டு நாவல்கள்

எங்கள் வாசகசாலையில் யாரும் புத்தகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கமாட்டார்கள். கேட்லாக்கில் ஒரு பெயர் இருக்கும், ஊரில் ஒரு பெயர் இருக்கும். “அந்தச் செருப்புத் தச்சவன் கதை குடுங்க”, “ரெண்டு பொண்டாட்டிப் புத்தகம் வந்துருச்சா?” இப்படித்தான். லைப்ரரியனுக்கு முதலில் மனப்பாடம் ஆக வேண்டியது இந்த ஊர்க் கேட்லாக்.

ஊரில் அதிகம் கைமாறியது ஸ்டிரைக் நாவல். ஒரு மலைத்தோட்டத்தில் நடக்கிற வேலைநிறுத்தம். பசி, மழை, அட்டை, போலீஸ், எல்லாம் கண்ணால் பார்த்தது போல எழுதியிருக்கும். வாசிக்கிறவர்கள், “இது நம்ம தோட்டந்தான்” என்பார்கள். யதார்த்த நாவல் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அதில் ஓர் இடம் வரும். ஸ்டிரைக் கூட்டத்தில் மானேஜருடைய குமாஸ்தா பேச வருகிறான். கூட்டம் “உக்காருடா” என்று கத்துகிறது. அப்போது ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எழுந்து, “அவரும் பேசட்டும். கேட்டுவிட்டு மறுப்போம்” என்கிறார். அவ்வளவு பெரிய போராட்டக் கதைக்குள் அந்த ஒரு வரி எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. எதிராளிக்கும் வாய் உண்டு என்று ஒப்புக்கொள்வதுதானே லிபரல் சிந்தனையின் ஆரம்பம்!

‘லிபரல்’ என்றால் எங்கள் ஊரில் வசவு. யூனியன் செக்ரட்டரி வேலுச்சாமி என்னை அப்படித்தான் கூப்பிடுவார். “என்ன லிபரல், டீ குடிச்சாச்சா?” நானும் பட்டம் கிடைத்தது போலச் சிரித்துக்கொள்வேன்.

சூசை அண்ணன் மேஜையில் போட்ட சன்னல் நாவல் வேறு ஜாதி. ஒரு டவுனில், வாடகை அறையில், ஆபீஸ் வேலை பார்க்கும் ஒரு பெண். கதை முழுக்க ஒரே பகல். சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு ஏதேதோ யோசிக்கிறாள். யோசனை எங்கே முடிகிறது, தெரு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கடைசியில் பெண் பார்க்க வருகிறார்கள். சம்மதமா என்று கேட்கிறார்கள். “வேண்டாம்” என்கிறாள். காரணம் சொல்லவில்லை. புத்தகம் முடிந்துவிட்டது!

எனக்கு அது வெறியாகப் பிடித்திருந்தது. அவளுக்கு ஒரு காதலன் இருந்திருந்தால், அல்லது மாப்பிள்ளை குடிகாரனாக இருந்திருந்தால், ஊருக்கு ஒரு கோபமும் வந்திருக்காது. காரணம் இருந்தால் மன்னித்துவிடுவார்கள். ஸ்டிரைக் நாவலில் சுதந்திரம் மைதானத்தில் மைக் பிடித்துப் பேசியது. இந்த நவீன நாவலில் அது ஓர் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, “என் காரணம் என்னோடு இருக்கட்டும்” என்றது. இரண்டும் ஒரே சிந்தனைதான் என்று நான் எல்லோரிடமும் கத்திக்கொண்டு திரிந்தேன். கேட்க ஆள் இல்லை.

3. நோட்டீஸ்

வாசகசாலைப் பிரசிடென்ட் மாத்தச்சன், மலையாளி, ஏலக்காய் வியாபாரி. சட்டதிட்டம் என்றால் உயிர். பராதியைக் கேட்டதும் மீசையைத் தடவிக்கொண்டார்.

“சாரே, இது வலிய பிரச்னமாணு. ஒரு யோகம் விளிக்கணும்.”

யோகம் என்றால் மலையாளத்தில் கூட்டம். “பொதுக்கூட்டமே போட்டுருவமுங்க. எல்லா மெம்பரும் வரட்டும்” என்றேன்.

“நோட்டீஸில் புத்தகத்திண்ட பேரு வேண்டா. பேரு கண்டால் எல்லாரும் அதுதன்னெ கேக்கும்.”

அனுபவஸ்தர்! நான் ஒப்புக்கொண்டேன். ஆனால் ‘கெட்ட புத்தகம் பற்றி’ என்று போட மாட்டேன், கூட்டத்துக்கு முன்பே தீர்ப்பு எழுதினது போலாகிவிடும் என்று அடம்பிடித்தேன். விஷயம் என்ன? விரும்பிய புத்தகத்தை வாசிக்க வாசகருக்கு உரிமை உண்டா, இல்லையா? அதையே போடலாம் என்றேன். மாத்தச்சனுக்கு அது கௌரவமாகப் பட்டது.

பிரஷ்ஷை எடுத்துச் சிவப்பு மையில் நானே எழுதினேன். யோகம் என்று எழுதினால் தமிழ்க்காரர்கள் ஏதோ அதிர்ஷ்டம் அடிக்கப்போகிறது என்று நினைத்துக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே உஷாராக ‘பொதுக்கூட்டம்’ என்று எழுதினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். பிறகு பெரிய எழுத்தில் இப்படிப் போட்டேன்:

‘வாசகரின் அவகாசம் குறித்து முடிவெடுக்கப் பொதுக்கூட்டம். ஞாயிறு, பூசை முடிந்ததும். ஆண் பெண் மெம்பர்கள் அனைவரும் வரவும்.’

பாலக்காட்டான் கையெழுத்து! மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. நான் பிறந்த ஊரிலும் வாயில் வருவது அதுதான். “அது எங்க அவகாசமுங்க” என்றால் அங்கே யாருக்கும் சந்தேகம் வராது. யூனியன் கூட்டங்களில் ஊறிய எங்கள் மலை ஆண்களுக்கும் அப்படியே. ஆனால் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் வாழ்க்கைப்பட்டு மேலே வந்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்தது சுத்தத் தமிழ். அவர்களுக்கு அவகாசம் என்றால் நேரம்.

இது எனக்குக் கூட்டத்தன்றுதான் உறைத்தது.

4. கூட்டம் நிரம்பிய கதை

வழக்கமாக எங்கள் ஜெனரல் பாடிக்கு வருகிறவர்கள் ஒரு பெஞ்சில் அடங்குவார்கள். பெண்கள் வரமாட்டார்கள். ஆனால் மெம்பர்கள். பெண் மெம்பர் இருந்தால் கிரான்ட் சுலபம் என்று முந்தின வருஷம் மாத்தச்சனே வீடு வீடாகப் போய்ச் சேர்த்திருந்தார். சேர்த்ததோடு சரி.

அன்றைக்குக் கதவைத் திறந்தால், தெருவே பெண்கள்! இடுப்பில் பிள்ளையோடு, தலையில் துண்டோடு, கோயிலிலிருந்து நேராக வந்தவர்கள் நல்ல சேலையோடு. பெஞ்சு போதாமல் தரையில் உட்கார்ந்தார்கள். மாத்தச்சன் திரும்பி என்னைப் பார்த்தார். வாசிப்புச் சுதந்திரத்துக்காக இத்தனை பேரா என்று பூரித்துப்போனேன்.

முன்னால் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள், கவாத்து வேலையில் முதல் ஆள், பேச்சிலும் முதல் ஆள், எழுந்து நின்றாள்.

“நோட்டீசு பாத்தோம். ரொம்பச் சந்தோசம். சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் பூட்டிருறீக. நாங்க காட்டுல இருந்து வந்து, உலை வச்சு, பிள்ளைகளைக் குளிப்பாட்டி முடிக்கையில இங்க திண்டுக்கல் பூட்டுத்தான் தொங்குது. இனிமேயாச்சும் அவகாசம் குடுக்கணும்னு உங்களுக்குத் தோணிச்சே!”

ஆண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. வேலுச்சாமி எழுந்தார். “அக்கா, அது நேரமில்ல. அவகாசம்னா உரிமை. நம்ம ஊர்வலத்துல கோஷம் போடுறோம்ல?”

“அதுவா? நான் அதை வேலை நேரத்தைக் கொறைக்கக் கேக்குறீகன்னுல்ல நெனச்சுக் கூடவே கத்திட்டு வந்தேன்!” என்றாள் பேச்சியம்மாள். இப்போது பெண்கள் பக்கம் சிரிப்பு. “சரி, ரெண்டையும் குடுங்க. நேரத்தையும் குடுங்க, உரிமையையும் குடுங்க. வந்தது வந்துட்டோம்.”

எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. லைப்ரரியன் கைதட்டக் கூடாது என்று மாத்தச்சன் கண்ணாலேயே அடக்கினார்.

சூசை அண்ணன் எழுந்து தன் பராதியைச் சொன்னார். மகள் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை, எல்லோருக்கும் தெரியும். ரோஸ்லின் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். “ஒரு பொண்ணு காரணமே சொல்லாம வேண்டாங்கிறா. அதோட கதை முடியுது. இதுல என்ன நல்லது இருக்கு? இதை ஸ்டாக்குல இருந்து எடுத்துரணும்.”

அவருக்கு ஆதரவாக எழுந்தவர் யாரென்று நினைக்கிறீர்கள்? வேலுச்சாமி! கோயில்காரரும் யூனியன்காரரும் ஒரே பக்கம் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“எனக்குக் கோயில் நியாயம் வேண்டாம். நான் கேக்கிறது வேற. ஊரே தெருவுல நிக்குது, இவ தனியா சன்னல்ல உக்காந்திருக்கா. தனியா நின்னா என்னாகும்? தோட்டத்துல ஒருத்தனாத் தனியா நின்னு பாருங்க, மிதிச்சுட்டுப் போயிருவான் மொதலாளி. ஆளை ஆளாப் பிரிக்கிற புத்தகம் நமக்கு எதுக்கு?”

நியாயமான கேள்வி. அதை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். அன்றைக்கு மதிக்கிற நிலையில் இல்லை. பதில் சொல்ல எழுந்தேன். அதற்குள் பேச்சியம்மாள் குறுக்கே வந்தாள்.

“அது எந்தப் புத்தகம்? நாங்க பாக்கவே இல்லையே. பாக்காத மாட்டுக்கு எப்பிடிப் பல்லு எண்ணுறது? மொதல்ல வாசிக்க அவகாசம் குடுங்க, அப்புறம் ஓட்டுக் கேளுங்க.”

“எந்த அவகாசம் அம்மா? சமயமோ, உரிமையோ?” என்று மாத்தச்சன் கேட்டார்.

“எதுவா இருந்தாலுஞ் சரி!”

ஹாலே அதிர்ந்தது. மாத்தச்சன் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மெம்பர்கள் கேட்டால் ஒத்திவைக்கலாம் என்றார். புத்தகம் ஒரே காப்பி. ஆகவே நான் சாயங்காலங்களில் சத்தமாக வாசிப்பது, எல்லோரும் கேட்பது, அதன்பின் ஓட்டு. வாசகசாலை ஏழரை வரை திறந்திருக்கும் என்றும் கையோடு தீர்மானமாயிற்று.

5. வாசிப்பு

என் வாழ்க்கையில் அந்த மாதிரிச் சாயங்காலங்கள் பிறகு வரவில்லை. உலை வைத்துவிட்டு வந்தவர்கள் பாதி, இறக்கிவிட்டு வந்தவர்கள் பாதி. பெட்ரோமாக்ஸ் ஓரத்தில் நின்று வாசிப்பேன். முதல் நாளே கேலி ஆரம்பித்துவிட்டது.

“இன்னும் சன்னல்லதான் நிக்கிறாளா?”

“ஆமாங்க.”

“அடுப்பு பத்த வைக்கலையா?”

“அதெல்லாம் எழுதலைங்க.”

“அந்த எழுத்தாளருக்குச் சோறு யாரு பொங்கிப் போடுறா, அதைக் கேளுங்க!”

நவீன நாவலுக்கு இதைவிடக் கறாரான விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் வாசித்ததில்லை. ஆனால் நாள் போகப் போகக் கேலி குறைந்தது. கதையில் அவள், தெருவில் போகிற ஒரு கிழவியைப் பார்த்து, தன் அம்மா ஒருமுறைகூடத் தனியாக எங்கும் உட்கார்ந்ததில்லை என்று நினைக்கிற பக்கம் வந்தபோது, ஹாலில் பிள்ளைகளின் சத்தம் மட்டும் கேட்டது. நான் நிறுத்தினேன். “நிப்பாட்டாதீக” என்று இருட்டுப் பக்கமிருந்து யாரோ சொன்னார்கள்.

கடைசி “வேண்டாம்” வந்தபோது சண்டையே மூண்டது. சரிதான் என்று ஒரு கட்சி. பெற்ற தாயிடமாவது காரணம் சொல்லியிருக்கலாம் என்று பேச்சியம்மாள் கட்சி. சன்னலைச் சாத்திவிட்டு வேலையைப் பார்த்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று ஒரு கிழவர். ரோஸ்லினும் தினமும் வந்தாள். சூசை அண்ணன் கூடவே வந்து வெளித்திண்டில் உட்கார்ந்திருப்பார். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அவளைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு பொங்கும். ஒரு நாவல் நிஜ மனுஷியாக என் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறது! ஒரு லைப்ரரியனுக்கு வேறு என்ன வேண்டும்?

இடையில் வேலுச்சாமியைத் தனியாகப் பிடித்தேன். “ஏனுங்க, ஸ்டிரைக் நாவல்ல அந்த வாத்தியாரு, ‘அவரும் பேசட்டும்’னு சொல்ற எடத்தை நீங்க மீட்டிங்குக்கு மீட்டிங் சொல்றீங்களே. குமாஸ்தா பேசலாம், இந்தப் பொண்ணு பேசக் கூடாதுங்களா?”

அவர் பீடியைப் பற்றவைத்து ஓர் இழுப்பு இழுத்தார். “லிபரல்,” என்றார், “நீ ஆளைக் கொல்லாமக் கொல்லுறய்யா.”

6. ஓட்டு

இரண்டாவது கூட்டத்துக்கு ஊரே வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஓட்டுப் போட வேண்டும், யார் எதற்குப் போட்டார்கள் என்று புருஷனுக்கும் தெரியக் கூடாது. பேச்சியம்மாள்தான் வழி சொன்னாள். ஆளுக்கு ஒரு முழு ஏலக்காய், விதை எடுத்த ஒரு வெறும் ஏலத்தோடு. புத்தகம் இருக்கட்டும் என்றால் காயைப் போடு, வேண்டாம் என்றால் தோட்டைப் போடு. கையில் மிஞ்சியதைச் சாக்கில் எறிந்துவிட்டுப் போ. பீரோவுக்குப் பின்னால் மூடியில் ஓட்டை போட்ட பிஸ்கட் டின் வைத்தோம். காய்க்கு மாத்தச்சன் பொறுப்பு.

ஓட்டுக்கு முன்னால் பேச்சு. சூசை அண்ணன் முதலில் சொன்னதையே மறுபடி சொன்னார். குரல் மட்டும் இறங்கியிருந்தது. வேலுச்சாமி எழுந்து, “எனக்கு அந்தப் பொண்ணு செஞ்சது இன்னும் புடிக்கல. ஆனா தூக்கச் சொல்ல மாட்டேன். இன்னைக்கு இதைத் தூக்குனா நாளைக்கு ஸ்டிரைக் புத்தகத்தைத் தூக்கச் சொல்லி இன்னொருத்தன் வருவான்” என்று உட்கார்ந்தார். எனக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

பிறகு நான். அன்றைக்குப் பேசியது போல் நான் எங்கேயும் பேசினதில்லை! ஒரு நல்ல நாவல் என்ன செய்யும்? வாயில்லாத ஒருவருக்கு வாய் கொடுக்கும். அது இந்த ஊரிலேயே நடந்திருக்கிறது. ஒரு பெண் முதல்முறையாகத் தன் மனசை வெளியே சொல்லியிருக்கிறாள். அந்தத் தைரியத்தைக் கொடுத்தது இந்தப் புத்தகம். அதைத் தூக்கினால் அவள் வாயைப் பூட்டுகிறோம். இப்படிப் போயிற்று. கைதட்டலில் ரேடியோ மேலிருந்த தூசி பறந்தது.

ஓட்டு நடந்தது. டின்னைத் திறந்து கொட்டினால் பச்சைக் காய்கள் குவியலாக விழுந்தன. தோடும் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் ஜெயித்தது காய்தான். பேச்சியம்மாள் என் பக்கம் சாய்ந்து, “எனக்கு அந்தப் புத்தகம் புடிக்கல சார். ஆனா காயத்தான் போட்டேன்” என்றாள். மாத்தச்சன் முடிவை மினிட்ஸில் எழுதிவிட்டு, காய்களை ஒன்று விடாமல் பொறுக்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

நான் எழுந்து, “இது ரோஸ்லினுக்குக் கிடைச்ச ஜெயமுங்க” என்றேன். அவள் பெயரை அன்று முதலில் சொன்னவன் நான்தான்.

சூசை அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சரி. புத்தகம் ஜெயிச்சிருச்சு. எம் மகளைக் கெடுத்தது அதுதான்னு நான் சொன்னேன், அவளுக்குத் தைரியம் குடுத்தது அதுதான்னு சார் சொல்றாரு. ரெண்டும் ஒண்ணுதான். போவட்டும்.”

அப்போது ரோஸ்லின் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“நான் அந்தப் புத்தகத்தை வாசிக்கவே இல்ல.”

யாருக்கும் புரியவில்லை. “எந்தாணு மோளே?” என்றார் மாத்தச்சன்.

“சார்தான் ‘இது நல்லா இருக்கும், கொண்டு போங்க’ன்னு குடுத்தாரு. ரெண்டு பக்கம் பாத்தேன். ஒரு பொண்ணு சன்னலையே பாத்துக்கிட்டு நிக்கிறா. தூக்கம் வந்துச்சு, பெட்டியில வச்சுட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாக, கேட்டாக, எனக்கு வேண்டாம்னு தோணுச்சு, சொன்னேன். கதையில என்ன வருதுன்னு சார் இங்க வாசிக்கையிலதான் எனக்கே தெரியும்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “நான் அந்தச் சன்னல்காரிகிட்ட இருந்து படிக்கல சார். படிச்சிருந்தா அவதான் எங்கிட்ட இருந்து படிச்சிருக்கணும்.”

அவள் என்னை விட்டுவிட்டு ஊரைப் பார்த்துத் திரும்பினாள்.

“இத்தனை நாளா எல்லாரும் புத்தகத்தைக் கேட்டீக. அது நல்லதா, கெட்டதான்னு கேட்டீக. என்னை யாருமே கேக்கல.”

சூசை அண்ணன் மெல்லத் திரும்பினார். “அப்ப... நீயாத்தான் சொன்னியா?”

“நாந்தாம்ப்பா.”

“ஏம்மா?”

ஊரே முன்னால் சாய்ந்தது. நானும்தான். மறைக்க என்ன இருக்கிறது!

“வேண்டாம்ப்பா. அம்புட்டுத்தான்.”

அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகத்தோடு சண்டை போட அவரிடம் எவ்வளவோ வார்த்தை இருந்தது. மகளோடு போட ஒன்றும் இல்லை போலும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“சரி, வா. வீட்டுக்குப் போவோம். உத்தமபாளையத்துக்கு ஆள் சொல்லி அனுப்பணும், வர வேண்டாம்னு.”

“என்ன காரணம் சொல்லட்டும்?” என்று யாரோ ஆண்கள் பக்கமிருந்து கேட்டார்கள்.

சூசை அண்ணன் வாசற்படியில் நின்று திரும்பினார். “எம் மக வேண்டாங்கிறா. காரணமெல்லாம் கேக்காதீகன்னு சொல்லு.”

நாவல் மனிதரை மாற்றும் என்று வாதாடுங்கள், தம்பி தங்கைகளே, நானும் இன்றைக்கு வரை வாதாடுகிறேன். ஆனால் ஒருவருடைய சுதந்திரத்துக்காக மேடை ஏறும் முன், அவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுங்கள். அவர் அந்தப் புத்தகத்தை வாசிக்காமலே அதன் கடைசிப் பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கலாம்.